மாடி ஏற ஏற

போன வருஷம் நைரோபியின் வெஸ்ட்லாண்ட்ஸ் பகுதியில் மூன்று மாதம் தங்கி, கோலாலம்பூர் அலுவலகத்துக்கு வேலை செய்தேன். நேர வித்தியாசம் ஐந்து மணி. இங்கே காலை 9 மணிக் கூட்டம் என்றால் அங்கே விடியற்காலை 4. 'ஊரு எப்படி இருக்கு?' என்று கேட்டவர்களிடம் இணைய வேகத்தையும் வாடகையையும்தான் சொன்னேன். எம்-பெசா இருக்கு, கையில காசே வேணாம் என்றேன்.

திரும்பி வந்து மேஜா முவாங்கியின் 'கோயிங் டவுன் ரிவர் ரோட்' (1976) நாவலைப் படித்தபோது அந்தப் பதிலுக்காக வெட்கமாக இருந்தது. பென்னும் ஒச்சொல்லாவும் கட்டுமானத் தொழிலாளிகள். அவர்கள் எழுப்பும் கட்டடத்தின் பெயர் டெவலப்மெண்ட் ஹவுஸ். மாடி ஏற ஏற வேலை போகும் நாளும் நெருங்குகிறது. பொறியியல் படித்த எனக்குக் கட்டடம் முடிவது வெற்றி. அவர்களுக்கு அது பட்டினி. முவாங்கி இதை விளக்கிக்கொண்டிருப்பதில்லை. தூசி, மலிவுச் சாராயம், பசி என்று சிரிக்க வைத்துக்கொண்டே காட்டிவிடுகிறார்.

குறையும் உண்டு. குழந்தையை பென்னிடம் விட்டுப் போகும் வினியின் மனசுக்குள் நாவல் நுழையவே இல்லை. பெண்கள் ஆண்களின் கண்ணில் படும் அளவுக்கே வருகிறார்கள்.

ஆனால் என் கண் மட்டும் என்ன பார்த்தது? ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று மைக்கை ஆஃப் பண்ணி வைத்தேன். இப்போது என் வீட்டுக்கு எதிரேயும் ஒன்று கட்டுகிறார்கள். முடிந்ததும் எங்கே போவீர்கள் என்று அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை.