முப்பது நாள் கணக்கு போதாது

2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில், அறுவை மருத்துவர்கள் கைவிட்ட 57 வயது நோயாளி ஒருவருக்கு, மார்பைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாகவே புதிய பெருந்தமனி வால்வைப் பொருத்தினார் அலென் கிரிபியே. இன்று டாவி என்று அழைக்கப்படும் சிகிச்சை அங்கேதான் பிறந்தது. அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத, சராசரியாக 83 வயதான நோயாளிகளிடம் நடந்த பார்ட்னர் ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50.7 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் அது 30.7 சதவீதம். இத்தனை உயிர்களைக் காத்த சிகிச்சையின் மதிப்பில் எனக்கு ஐயமில்லை. அதைத் தொடர்ந்து வரும் பேஸ்மேக்கரை நாம் எடைபோடும் விதத்தில்தான் குறை காண்கிறேன்.

பேஸ்மேக்கர் ஏன் தேவைப்படுகிறது? அறுவையில் பழைய வால்வை வெட்டி எடுத்துவிடுவார்கள். டாவியில் அது உள்ளேயே இருக்கும். சுண்ணாம்பேறிய அதன் இதழ்களை ஓரமாக நெருக்கிக்கொண்டு புதிய வால்வு விரிகிறது. அதற்குச் சற்றுக் கீழே, மெல்லிய தடுப்புச் சுவரை ஒட்டி, மேலறையின் மின்துடிப்பைக் கீழறைக்குக் கொண்டுசெல்லும் ஹிஸ் கற்றை ஓடுகிறது. புதிய வால்வின் சட்டகம் அதை நசுக்கினால் துடிப்பு வழியிலேயே நின்றுபோகும்; இதுவே இதய அடைப்பு.

குறைந்த அபாயமுள்ள நோயாளிகளிடம் நடந்த இரு ஆய்வுகள் 2019இல் வெளியாயின. பலூனால் விரியும் வால்வு பெற்றவர்களில் 6.5 சதவீதம் பேருக்கும், அறுவை செய்துகொண்டவர்களில் 4 சதவீதம் பேருக்கும் 30 நாளுக்குள் புதிதாக பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. தானே விரியும் வால்வில் அது 17.4 சதவீதம், அதனோடு ஒப்பிட்ட அறுவைப் பிரிவில் 6.1 சதவீதம்.

பேஸ்மேக்கரைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. முழு இதய அடைப்பு நீங்காத நோயாளியை அது இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது உயிரோடு விளையாடுவது. அடைப்பு 24 முதல் 48 மணி நேரம்வரை நீடித்தால் நிரந்தரக் கருவி வைக்கலாம் என்ற 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலில் நியாயம் இருக்கிறது. ஹிஸ் கற்றையின் வலது கிளையில் அடைப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் முன்கூட்டியே கருவி வைக்க வேண்டாம் என்றும் அது சொல்வது நல்ல எச்சரிக்கை.

ஆனால் சிலரிடம் திசு வீக்கம் வடிந்ததும் மின்கடத்தல் மீள்கிறது. கருவியும் கம்பியும் மட்டும் உடலில் தங்கிவிடுகின்றன. கிருமித் தொற்று, மூவிதழ் வால்வில் கசிவு, சுமார் 10 ஆண்டுக்கொருமுறை கருவி மாற்றம் என அவற்றின் சுமை தொடர்கிறது. கடத்தல் மீளாதவர்களுக்கு வேறொரு சிக்கல். வலது கீழறையை மட்டும் ஓயாமல் தூண்டினால் இரு கீழறைகளும் ஒத்திசைவு இழக்கும். சிலருக்கு இதயம் பலவீனமாகும். வால்வைச் சரிசெய்து மீட்ட இதயம் மீண்டும் தளர்வது வேதனையானது.

எண்பத்தைந்து வயதில் இது சிறிய விலை. 2020இன் அமெரிக்க வழிகாட்டுதலோ 65 முதல் 80 வயதுவரை அறுவை, டாவி இரண்டுக்கும் இடம் தருகிறது. அறுபத்தைந்து வயதுக்காரர் அந்தக் கம்பியோடு இருபது ஆண்டு வாழக்கூடும். அவருக்கான முடிவை 30 நாள் சதவீதத்தைக் கொண்டு எடுப்பது போதாது.

வால்வை உயரமாகப் பொருத்துவது ஹிஸ் கற்றையைக் காக்கும். அளவு மீறி உயர்த்தினால் வால்வு நழுவலாம். பின்னாளில் இதயத் தமனிகளை எட்டுவதும் கடினமாகலாம். ஆகவே பேஸ்மேக்கர் விகிதம் குறைந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு மருத்துவக் குழுவின் திறமையை அளப்பதும் தவறு.

நோயாளியிடம் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: முந்தைய ஈசிஜியில் வலது கிளை அடைப்பு உண்டா, தேர்ந்தெடுத்த வால்வில் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு, தேவைப்பட்டால் ஹிஸ் கற்றையையோ இடது கிளையையோ நேரடியாகத் தூண்டும் முறை அங்கே கிடைக்குமா. இடது கிளை அடைப்பு புதிதாக வந்தவர்களை வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் கண்காணிக்க வேண்டும். கருவி வைத்தவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும், துடிப்புகளில் எத்தனை சதவீதம் கருவியால் வந்தது என்று பார்த்து, தேவையற்ற தூண்டலைக் குறைக்க வேண்டும். வால்வின் அழுத்த அளவைக் குறிக்கும் அதே தாளில் இந்த எண்ணும் ஏற வேண்டும். நோயாளி சுமந்து வாழ்வது இரண்டையும்தான்.