எஞ்சிய வார்னிஷும் ஒரு மூக்குப் பையும்

தேக்கு மேஜை ஒன்றுக்கு வார்னிஷ் பூசி முடித்தவனுக்கு, அந்த வேலை தரும் திருப்தியோடு கூடவே, டின்னின் அடியில் கால் பங்கு மிஞ்சி நிற்கும் சரக்கை என்ன செய்வது என்ற கவலையும் வந்து சேருகிறது. மூடியைச் சுத்தியலால் தட்டி அலமாரியில் ஏற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொரு நாற்காலிக்காகத் திறந்து பார்க்கையில், காய்ச்சிய பாலின் மேல் படிவதுபோல் ஆடை படிந்து, அதைக் கிழித்தால் உள்ளே வெல்லப்பாகாய்த் திரண்டு கிடக்கும் வஸ்துவைக் கண்டு, மூடி சரியில்லையென்று கடைக்காரரை நொந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

அது அநியாயம் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களை ஆதாரமாகக் கொண்ட வார்னிஷ், ஈரத்துணி காய்வதுபோல் காய்ந்து முடிவதில்லை. இளக்குவதற்காகச் சேர்த்த தைலம் ஆவியாகிப் போனபின், காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. ஒரு லிட்டர் டின்னில் 250 மில்லி எஞ்சினால், அதன்மேல் 750 மில்லி காற்று. அதில் ஏறக்குறைய 157 மில்லி பிராணவாயு. எவ்வளவு இறுக மூடினாலும், திருடனை வீட்டுக்குள் வைத்துத்தான் கதவைப் பூட்டுகிறோம்.

அந்தக் காற்றை அப்புறப்படுத்துவதற்கென்றே உள்ள சாதனந்தான் நான் ஆறு மாதமாகப் பரீட்சித்துப் பார்த்த இந்தப் பை. அடி விரிந்து தானே நிற்கும் பிளாஸ்டிக் பை. தலையில் திருகு மூடி போட்ட மூக்கு. கூடவே ஒரு சிறு புனல். கைகழுவும் திரவத்தை அடைத்து விற்கும் பைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதல்ல. வார்னிஷை ஊற்றி, பையை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே மெல்ல அமுக்கினால், திரவம் மூக்கின் விளிம்புவரை ஏறிவருகிறது. கடைசிக் குமிழி உடைந்து அடங்குகிற கணத்தில் மூடியைத் திருகிவிட வேண்டும். ஒரு விநாடி முந்தினால் காற்று தங்கிவிடும். பிந்தினால் மேஜைமேல் வழியும். முதல் தடவை எனக்கு வழிந்தது.

ஒரே சரக்கில் பாதியைப் பையிலும் பாதியைப் பழைய டின்னிலும் வைத்திருந்தேன். டின்னில் ஆடை, மெல்லிய துணியில் வடிகட்டிப் பூசியும் தூரிகையின் கோடுகள் மறையவில்லை. பையிலிருந்ததோ வாங்கிய அன்று போலவே ஒழுகி வந்தது. கண்ணாடித் துண்டின் மேல் விட்ட சொட்டு மறுநாள் காலைக்குள் நகம் பதியாதபடி காய்ந்துவிட்டது.

குறை இல்லாமலில்லை. மூக்கின் திருகுமரையில் தங்கும் வார்னிஷ் காய்ந்துபோய், மூடியைக் குறடால் திருக வேண்டியதாயிற்று. மரையைத் துடைத்துச் சிறிது வாசலைன் தடவினால் இந்தத் தொல்லை ஒழிகிறது. புனலைக் கற்பூரத் தைலத்தில் கழுவுவது தனி வேலை. பையின் உட்புறத்தைக் கழுவ முயல்வதோ வீண் வேலை.

பழைய உபாயமான கோலிக்குண்டுகளையும் சொல்லவேண்டும். கண்ணாடி ஜாடியில் அவற்றைப் போட்டுத் திரவத்தைக் கழுத்துவரை உயர்த்தினால் வார்னிஷ் கெடுவதில்லை. ஆனால் பிசுபிசுத்த நாற்பது குண்டுகளை ஒவ்வொன்றாய்த் துடைத்தெடுக்கும் பொறுமை வேண்டுமே! ஆர்கான் வாயுவை டின்னுக்குள் பீய்ச்சும் குப்பியும் உண்டு. காற்றைவிடக் கனமான, எதனோடும் சேராத அந்த வாயு திரவத்தின் மேல் போர்வைபோல் கிடக்கும் என்பது நியாயமான தத்துவமே. திறக்குந்தோறும் போர்வை கலைந்து, மறுபடி பீய்ச்ச வேண்டியிருக்கிறது என்பதுதான் செலவு.

அவலரக்கைச் சாராயத்தில் கரைத்த பாலிஷுக்கு இவற்றில் எதுவும் பிரயோஜனமில்லை. அது காற்றால் கெடுவதில்லை. அரக்கின் அமிலமும் சாராயமும் உள்ளுக்குள்ளேயே மெல்ல வினைபுரிந்து, பூசினாலும் ஒட்டுத்தன்மை நீங்காத நிலைக்கு வந்துவிடுகின்றன. அரக்கைச் செதில்களாகவே உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவே கரைத்துக்கொள்வதே உத்தமம். இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் வகைகளோ, கலந்த பின் எந்தப் பைக்கும் கட்டுப்படமாட்டா.

வருஷத்தில் மூன்று நான்கு தடவையாவது எண்ணெய் வார்னிஷைக் கையாளுகிறவர் இந்தப் பையைத் தாராளமாக வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். எப்போதோ ஒரு முறை பூசுகிறவருக்கு, இறுக மூடக்கூடிய 100 மில்லி, 200 மில்லி கண்ணாடிக் குப்பிகள் இரண்டு மூன்றைக் கழுத்துவரை நிரப்பி வைத்தாலே போதும். பலன் அநேகமாக அதுவேதான். எதில் ஊற்றினாலும் சரக்கின் பெயரையும் ஊற்றிய தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மூக்குப் பையிலுள்ள வார்னிஷுக்கும் மூக்குப் பையிலுள்ள பழரசத்துக்கும் வெளிப்பார்வைக்கு அதிக வித்தியாசமில்லை.