முக்கோணத்தில் இல்லாத மூலை

துணை மின் நிலையத்தில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் பெரிய டிரான்ஸ்பார்மரின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய அதைத் திறக்க வேண்டியதில்லை, நிறுத்தக்கூட வேண்டாம். அடி வால்விலிருந்து ஒரு கண்ணாடி சிரிஞ்சில் கொஞ்சம் எண்ணெய் எடுத்தால் போதும். ஆனால் குமிழி புகாமல் எடுக்க வேண்டும், வெளிச்சம் படாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களைப் பிரித்து அளந்தால் மிச்சக் கதை வெளியே வந்துவிடும்.

எந்தச் சூட்டில் எந்த வாயு என்பதில்தான் இதன் நயமே இருக்கிறது. காப்புக்குள் மெல்லிய மின்கசிவு இருந்தால் ஹைட்ரஜன் மேலோங்கும். மிதமாகச் சுட்டால் மீத்தேன், ஈத்தேன். இன்னும் ஏறினால் எத்திலீன். அசிட்டிலீன் மட்டும் லேசில் பிறக்காது. அதற்கு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பமோ மின்பொறியோ வேண்டும். ஆகவே பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தாலும் அசராத பொறியாளர், அசிட்டிலீன் சில பங்கு தலைகாட்டினாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தின் மிஷெல் டுவால் 1970களில் இதை ஒரு முக்கோணமாக வரைந்தார். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் உள்ளே ஒரு புள்ளி விழும். அது விழுந்த கட்டம், கோளாறு சூட்டினாலா, பொறியினாலா, எவ்வளவு கடுமையானது என்று சொல்லிவிடும். நான் ரசிப்பது அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை. அதில் ‘நலம்’ என்றொரு மூலையே கிடையாது! ஆரோக்கியமான டிரான்ஸ்பார்மரின் எண்ணெயைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லும். எனவே வாயுவின் அளவு வரம்பைக் கடந்திருக்கிறதா, போன தடவையைவிட எவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முக்கோணத்திடம் போக வேண்டும். அது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. இருக்கும் நோய் எது என்றுதான் சொல்லும்.

இன்னொரு குறும்பும் உண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் அறையில் பொறி பறப்பது அன்றாட வேலை. அங்கே அசிட்டிலீன் இருப்பது இயல்பு. இரண்டு அறைகளுக்கும் நடுவில் சீல் கசிந்தால் அது பெரிய தொட்டிக்குள் வந்துவிடும். ஒரு தவறும் செய்யாத வைண்டிங் பழி சுமக்கும்.

உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரில் சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கண்ணுக்கே தெரியாதது காகிதம். செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் செல்லுலோஸ் சங்கிலி ஒவ்வொன்றும் புதிதில் ஏறத்தாழ 1000 கண்ணி நீளம். சூடும் ஈரமும் அதை வெட்டிக்கொண்டே போகும். 200க்கு வந்தால் காகிதம் பொடியும் நிலை. சாதாரணக் காகிதமென்றால், மிகச் சூடான இடம் 98 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமையின் வேகம் இரட்டிக்கும் என்பது கணக்கு. இந்தச் சேதியும் எண்ணெய் வழியாகவே வருகிறது. காகிதம் சிதையும்போது ஃபியூரான் சேர்மங்கள் எண்ணெயில் கரைகின்றன. அவற்றை அளந்து, தொடாமலே காகிதத்தின் வயதை மதிப்பிடுகிறார்கள். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது.

இத்தனை சோதனைகளையும் ஒரே எண்ணாக்கி, ‘ஆரோக்கியக் குறியீடு’ என்று பெயர் வைத்து, அதன்படி பராமரிப்பு வரிசை போடுவது இன்றைய வழக்கம். வசதிதான். ஆனால் சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம். மொத்தத்தில் 400 வாங்கியவன் ஒரு பாடத்தில் 34 எடுத்தால் பெயில்தான். எண்ணெய், புஷிங், விசிறி எல்லாம் நல்ல மதிப்பெண் வாங்கி, காகிதம் மட்டும் தோற்றிருந்தால் அந்த டிரான்ஸ்பார்மரும் அப்படியே. நல்ல குறியீடு மிக மோசமான மதிப்பெண்ணைச் சராசரிக்குள் மறையவிடாது.

அதன் பிறகும் ஒரு கேள்வி பாக்கி: இது நின்றுபோனால் சுமையைத் தாங்க பக்கத்தில் வேறொன்று உண்டா? அதிகம் நோயுற்றதற்குத் துணை இருந்து, கொஞ்சம் நோயுற்றது தனியாக ஒரு மருத்துவமனைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால், தனியாக இருப்பதைத்தான் நான் பராமரிப்பு வரிசையில் முதலில் எழுதுவேன். பெரிய டிரான்ஸ்பார்மர் ஆர்டர் கொடுத்ததும் வந்துவிடாது. பல மாதங்கள், சில சமயம் வருடங்களே ஆகும்.