ஒரு ‘லாம்’ விகுதியின் அரசியல்

சட்டமும் ஒரு பிரதிதான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு விகுதி முக்கியம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 53ஆம் பிரிவு, இல்லங்களில் உள்ள குழந்தைகளுக்கான சேவைகளை வரிசையாகச் சொல்கிறது: உணவு, உடை, மருத்துவ கவனிப்பு, மனநல ஆலோசனை. பதினெட்டு முடிந்து வெளியேறுகிறவருக்கு 46ஆம் பிரிவு. ஒரே வாக்கியம். சமூகத்தின் மைய நீரோட்டத்தில் சேர்வதற்குப் பண உதவி ‘வழங்கப்படலாம்’. உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ள உதவியும் ‘வேண்டும்’ அல்ல, ‘லாம்’.

அந்த மைய நீரோட்டத்தைக் கொஞ்சம் பார்த்தேன். இல்லத்தில் வளர்ந்த இருபது வயதுப் பையனோடு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இழுப்பு.

“வீட்ல யாருக்காவது இருக்கா?”

“தெரியாது சார்.”

“சின்ன வயசுல என்ன மருந்து எடுத்த?”

அது இல்லத்துக் கோப்பில் இருக்கிறது. கோப்பு அவனோடு வெளியே வரவில்லை.

“கூட யாரு வந்திருக்கா?”

அவன் என்னைப் பார்த்தான். காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டை கேட்கிறார்கள். குடும்ப அட்டைக்குக் குடும்பம் வேண்டுமே.

ஃபூக்கோவைப் படித்துவிட்டு அதிகாரம் என்றால் கண்காணிப்பு என்றே நாம் பேசிவந்தோம். சாகவிடுவதும் அதிகாரம் என்று அவர் எழுதிய பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டோம். இல்லத்தில் இவனுடைய எடை, உயரம், காய்ச்சல் எல்லாம் பதிவானது. கண்காணிப்புதான், சந்தேகமில்லை. பதினெட்டாம் பிறந்தநாளோடு அந்தக் கண் மூடிக்கொண்டது.

இது நம்மூர் விசேஷம் மட்டுமல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971க்குப் பின் பராமரிப்பில் இருந்தவர்களை 42 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மற்றவர்களைவிட இவர்கள் அகாலமாக இறக்கும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றது அது.

குடும்பம் ஒரு வன்முறை நிறுவனம், அதை உடைக்கணும் என்று எழுதினவர்களில் நானும் ஒருவன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் குடும்பத்தின் வழியாக மட்டுமே உடலை அடையாளம் காண்கிற அரசின் முன்னால், குடும்பம் இல்லாதவன் விடுதலை பெற்றவன் அல்ல, கணக்கில் இல்லாதவன். இதை நம் கோட்பாடு யோசிக்கவில்லை.

மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் பின்பராமரிப்புக்கு மாதம் 4000 ரூபாய் உண்டு. நல்லது, வாங்கிக்கொள்வோம். கூடவே அவனுடைய மருத்துவக் கோப்பையும் அவன் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். அந்த ‘லாம்’ ‘வேண்டும்’ ஆகிறவரை நம் கட்டுடைப்புக்கு இங்கே வேலை இருக்கிறது.