எங்கிருந்தோ வந்த ஒற்று

‘செல்வம் அடமானம் போன ஊர்தான் தியாகராசர் தலம் (7)’. வடசென்னை ஊர்ப்பெயர்களை வைத்து நான் கட்டிய குறுக்கெழுத்துக் குறிப்புகளில் ஒன்று. செல்வம் திரு, அடமானம் ஒற்றி, கடைசியில் ஊர்; விடை திருவொற்றியூர். ‘வொ’வில் உள்ள வகரமும் ‘யூ’வில் உள்ள யகரமும் குறிப்பில் எங்கும் இல்லை. உயிரும் உயிரும் சந்தித்த இடத்தில் உடம்படுமெய்யாகத் தாமே வந்து உட்கார்ந்துகொண்டன.

ஆங்கிலத்தில் இது நடக்காது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்து நேர்ப்பொருளைத்தான் கேட்டது. சொல்லைப் பிய்த்து ஒளிக்கும் பூடகக் குறிப்பு 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். ‘தி இந்து’ 1971இல் தொடங்கிய குறுக்கெழுத்துக்கும் அதுவே சட்டம். அதை முதலில் கட்டியவர் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் கட்டாரி.

தமிழில் குறுக்கெழுத்து முதலில் பரவியது பரிசுப் போட்டியாக. பொருந்தக்கூடிய இரண்டு மூன்று சொற்களில் ஆசிரியர் மனதில் எது என்று ஊகிப்பதே ஆட்டம். 1955ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிச் சட்டம் மாதப் பரிசை 1000 ரூபாய்க்குள் அடக்கியது. பின்னாளில் பூடகக் குறிப்பைத் தமிழில் பழக்கியவற்றுள் வட அமெரிக்கத் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் கட்டிய புதிர்கள் முக்கியமானவை.

ஆங்கிலத்தைப் பார்த்து எழுத்துகளைக் கலைத்துப் போடுவதில் எனக்கு அவ்வளவு ருசியில்லை. மணலியைக் கலைத்துப் பாருங்கள். ண, லி இரண்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாக வாரா. ‘ம’ ஓடிவந்து முன்னே நின்றுவிடும், புதிர் அங்கேயே முடிந்தது.

நம் பலம் புணர்ச்சியில் இருக்கிறது. ‘ஆறு கடலில் கலக்குமிடம், இலக்கத்தை அடுத்த கிராமம் (4)’. இலக்கம் என்றதும் ஆறைப் பிடித்துக்கொண்டு ஏழு, எட்டு என்று அலைபவர்கள் உண்டு. அந்த ஆறு கொசஸ்தலை. இலக்கம் எண்; தனிக்குறிலுக்குப் பின் நின்ற ஒற்று, உயிர் வர, இரட்டிக்கிறது: எண்ணூர். தண்டியலங்காரம் சொல்லும் பிரிமொழிச் சிலேடையைத்தான் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறோம். இந்த மண்ணுக்கு அது புதிதல்ல. ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்கு நடந்து போய் வந்த வள்ளலார், இங்கிதமாலையில் ஒற்றியூர்ப் பெருமானையும் ஒரு பெண்ணையும் எதிரெதிரே நிறுத்தி, சொல்லுக்குச் சொல் பொருளைப் புரட்டி விளையாடியிருக்கிறார்.

சந்தி தரும் எழுத்துக்குக் குறிப்பில் இடம் தர வேண்டியதில்லை என்பதே என் கட்சி. தமிழ்க்காது அதைத் தானே கேட்டுக்கொள்ளும். ஆனால் எழுத்து காணாமல் போனால் சொல்லித்தான் தீர வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பிய ராயபுரத்துக்குக் குறிப்பு எழுதப் போனால், ராயரின் ‘ர்’ இடிக்கிறது. அதனால் இப்படி எழுதினேன்: ‘கடைசிவரை நில்லாத அரசர் ஊரில் பழைய ரயில் நிலையம் (5)’.