டாக்சிக்குக் காசில்லாத பணக்காரர்

எங்க தென்காசி, குற்றாலம் பக்கம் இலக்கியம் பேசுகிறவர்களிடம் ஆர்.கே. சண்முகம் செட்டியார் பெயர் ரசிகமணி டி.கே.சி., தமிழிசை, சிலம்பு உரை என்ற வரிசையில்தான் வரும். ஒரு பேரரசிடம் கடன் பாக்கியைக் கேட்கப் போனவர் என்ற முகம் அதில் இல்லை.

1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். போர்க்காலத்தில் இங்கே வாங்கிய சரக்குக்கும் படைச் செலவுக்கும் பிரிட்டன் லண்டனில் ஸ்டெர்லிங் வரவு மட்டும் எழுதியது. அதை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு வெளியிட்டது. போர் முடிந்தபோது பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. சீசனில் மெயின் அருவி ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டும்போது குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கண் முன்னால் அவ்வளவு தண்ணி, தலை நனைக்க முடியாது. அந்தப் பணமும் அப்படித்தான்.

குழுவிலிருந்த ஏ.டி. ஷிராஃப் மாநாட்டில் ஓர் உவமை சொன்னார்: வங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் டாக்சிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத மனிதர். சாமர்த்தியமான உவமைதான். ஆனால் அது கடன் கொடுத்தவரைப் பணக்காரராக்கிவிடுகிறது. கொடுத்தது யார்? நோட்டு பெருகியது, அரிசி விலை ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல, இதுவும் அதிலொன்று. செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். பாதி வயித்துக்குச் சாப்பிட்டவங்க மிச்சம் பிடிச்ச காசு அது. உவமையில் அந்த வயிறு இல்லை.

கடன்காரருக்கு அனுபவம் இருந்தது. முதல் உலகப் போரில் இந்தியாவிடமிருந்து 10 கோடி பவுண்டை ‘நன்கொடை’யாகவே வாங்கிக்கொண்டது பிரிட்டன். அமெரிக்காவுக்குத் தர வேண்டிய போர்க்கடனை 62 வருடத் தவணையில் அடைப்பதாக 1923இல் ஒப்புக்கொண்டு, 1934இல் நிறுத்தியது. பிரெட்டன் வுட்ஸில் கெய்ன்ஸ், இது நாம் இருவர் கௌரவமாகப் பேசித் தீர்க்க வேண்டியது, நிதியத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னார்.

1948இல் நிதியமைச்சராகச் செட்டியார் லண்டன் போனார். பாக்கியிலிருந்து பிரிட்டன் விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு, இங்கே ஆண்டுவிட்டுப் போன அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்குச் சுமார் 17 கோடி கழிந்தது. பிரிவினை முடிந்த கையோடு, டாலர் தட்டுப்பாட்டில் நிற்கும் நாட்டுக்குப் பேரம் பேசும் வலு குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் வலு இல்லாதவருக்குச் சொல்தானே ஆயுதம்?

செட்டியாரின் சிலம்பு உரை புகார்க் காண்டத்துக்கானது. வணிகமும் விழாவும் நிறைந்த நகரம் அது. கையில் ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி அரசனிடம் நியாயம் கேட்பது மதுரைக் காண்டத்தில். நம் தூதர்களின் பேச்சும் புகாரைத் தாண்டவில்லை.