வட்டக்கானல் மணியோடு ஒரு நாள்

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, தூண் பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வட்டக்கானலில் இறங்கி, டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி வெள்ளகவி கிராமத்துக்கு நடந்து பாருங்கள். கூடவே ஒரு வட்டக்கானல் நாயும் வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்!

அந்த ஊர் நாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடக்க வருகிறவர்களோடு தாமாகவே சேர்ந்துகொள்ளும். நானும் நண்பனும் போனபோது எங்களோடு சேர்ந்தது மணி. செம்பட்டை நிறம், நுனி கிழிந்த இடது காது. டீக்கடை அக்கா, "அது உங்கள முடிவு பண்ணிருச்சு, இனி விரட்டினாலும் போகாது" என்றார். விரட்ட யாருக்கு மனம் வரும்?

வெள்ளகவியில் சாப்பிட்டுவிட்டு, அப்படியே இறங்கி மாலைக்குள் கும்பக்கரை அருவி. இதுதான் திட்டம். வனத்துறை அனுமதி, வெள்ளகவிக்காரரான வழிகாட்டித் தம்பி, கும்பக்கரையில் காத்திருக்க ஒரு வண்டி என்று எல்லாம் தயார். பெரியகுளத்துப் பக்கமிருந்து மலையேற ஒரு காலத்தில் இதுதான் பாதை. 1821இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியிலிருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறினார். அந்த மண்ணில் கால் வைக்கிறோம் என்பதே எனக்குப் புல்லரிப்பாக இருந்தது.

டால்பின் மூக்கு வரை பாதை முழுக்க மரவேர்கள்தான் படிக்கட்டு. மணி அதில் வழுக்காமல் இறங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருக்கும். பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மூடுபனி இறங்கியது. முன்னால் போன மணி திடீரென்று நின்றது. ஒரு முன்னங்கால் அந்தரத்தில். முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை நட்டுக்கொண்டு நின்றது. குரைக்கவில்லை, ஒரு சின்ன முனகல்கூட இல்லை. தம்பி கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். மாட்டுத் தொழுவ வாடை வந்தது. பனி சற்று விலகியபோது பாதையின் நடுவே ஒரு காட்டுமாடு! கரிய மலை போன்ற உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. அது அவசரமே படவில்லை, நின்று நிதானமாக மேய்ந்தது. அது சோலைக்குள் இறங்கும் வரை நாங்கள் அசையவில்லை. மணியும் அசையவில்லை. அந்த நேரத்தில் அது ஒரு தரம் குரைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. என்ன அறிவு அந்த நாய்க்கு!

வெள்ளகவிக்கு நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போனபோது வாகனச் சாலை எட்டாத ஊர். சுமைகளைக் குதிரைதான் தூக்கியது. ஊரே கோயில் என்பதால் உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையில் காலணியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த மண்ணில் நடக்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தரம் போகலாம். உள்ளூர் நாய்கள் முறைத்ததால் மணி ஊருக்குள் வரவில்லை. எங்கள் காலணிகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

ஒரு வீட்டில் சோறும் குழம்பும் சாப்பிட்டுக் கிளம்பியபோது அந்த வீட்டுப் பாட்டி எங்களை நிறுத்தினார். "நாயக் கூட்டிக்கிட்டுக் கீழ போயிராதீகப்பா. கும்பக்கரையில விட்டுட்டா அதுக்குத் தடம் தெரியாது." மணியோ எங்களுக்கு முன்பே எழுந்து, இறங்குகிற பக்கமாகத் திரும்பி நின்றது. நண்பனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். வண்டியை மேலே வரச் சொல்லிவிட்டு, வந்த வழியே ஏற ஆரம்பித்தோம்.

செங்குத்தான ஏற்றம், தொடை நடுங்கியது. ஆனால் நான் நடந்த மலைப்பாதைகளில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். உள்ளங்கையில் ஊற்றிய தண்ணீரை மணி நக்கிக் குடித்தது. டால்பின் மூக்கில் பனி கிழிந்து, கீழே பெரியகுளத்துச் சமவெளி வெயிலில் பளபளத்தது. இறங்கிப் போயிருந்தால் இந்தக் காட்சி எங்களுக்குக் கிடைத்திருக்காது. வட்டக்கானலில் டீக்கடை அக்கா மணிக்கு முட்டையும் சோறும் வைத்தார். நாங்கள் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

அவசியம் போய்வாருங்கள். அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் மட்டும் வேண்டாம். காடு தெரியாத உங்கள் வீட்டு நாயைக் கூட்டிப்போகாதீர்கள். காட்டுமாட்டைக் கண்டு அது குரைத்தால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. வட்டக்கானல் நாய் தானாகச் சேர்ந்துகொண்டால் அதற்கும் சேர்த்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளகவிக்குக் கீழே மட்டும் அதைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள்.